ஆற்றுப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு முதலாவது மீனைக் கண்டேன். மணியைச் சரியாகச் சொல்ல முடிவது ஞாபகசக்தியால் அல்ல. எதைக் கண்டாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இருபத்தெட்டு வருட வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். முழங்கை நீளக் கெண்டை ஒன்று வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் இன்னும் இரண்டு. வெள்ளம் வந்தாலும் பாறையை விடாத கல்லொட்டி மீன்கள்கூடக் கரையோரச் சருகுக்குள் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு தவளையும் செத்திருந்தது. நிமிர்ந்தால் நடைபாலம். அதைப் பார்த்ததும், முந்தின நாள் மாலை அந்தப் பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கேனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

இதை எழுதச் சொன்னவர்கள் இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு, ஓடையில் கண்டதை நாள்தோறும் எழுதும் ஆற்றுப் புத்தகத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கைபேசியில் பதியப் போகிறார்களாம். "டீச்சர், பழைய புத்தகத்துல 'கண்டவர்'னு ஒரு கட்டம் இருக்குதே, அது எதுக்கு? புது ஃபோம்ல அதை எடுத்துட்டாங்க" என்று ஒருத்தி கேட்டாள். யார் எடுத்தார்கள், யாருக்கு வசதியாக எடுத்தார்கள் என்றுதான் எனக்கு உடனே தோன்றியது. அப்படித் தோன்றுவதே என் தொழில் என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் உரிமை என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மீன்பிடிக் கழகம் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரம், காட்டு எல்லைக்குக் கீழே, தோட்டக் காணிகளுக்கு நடுவில் ஓடும் ஓர் ஓடையின் இரண்டு மைல் தூரத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஊரில் அதற்குப் பெயர் ட்ரவுட் கிளப். ஒரு காலத்தில் தோட்டத்துரைமார் தண்ணீர் குளிராக இருக்கிறதென்று நம்பி ட்ரவுட் என்ற சீமை மீனின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்களாம். ஒன்றும் தங்கவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. "ட்ரவுட் இல்லாத கிளப்புக்குப் போற டீச்சருக்கு ஒரு சீட் குடுங்க" என்று பஸ்ஸில் கொண்டக்டர் கேலி செய்வார். தூண்டில் போடுவது வருடத்தில் சில நாள்தான். அதுவும் முள் இல்லாத கொக்கியால் பிடித்து, கையை நனைத்துத் தூக்கி, அளந்துவிட்டுத் திரும்ப விடவேண்டும். மற்ற நாட்களில் எண்ணுவது, அளப்பது, குப்பை பொறுக்குவது, எழுதுவது.

நான் உயர்தரம் முடித்து இரண்டு வருடம் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டுப் பதிவாளராகச் சேர்ந்தவள். அதனால் கடைசிவரை டீச்சர்தான். முதல் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வெப்பமானியை நிழலில், தண்ணீருக்குள் இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி வாசிக்க வேண்டும். வாசித்ததை மறந்துவிட்டு இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

இதைக் கற்றுத் தந்தவர் செயலாளர் குணநாயகம் சேர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நீர்ப்பாசனப் பொறியியலாளராக மாத்தளைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். சத்தம் போடமாட்டார். யார் மீதும் குற்றம் சொல்லமாட்டார். "எழுதும், நான் வாசிக்கிறன்" என்பார், அவ்வளவுதான். 'கண்டவர்' கட்டம் அவருடைய ஏற்பாடு. ஓடைப் பக்கம் கண்ட ஒவ்வொருவருடைய பெயரையும் நேரத்தையும் அதில் எழுத வேண்டும். சொந்தம், அந்நியம், பெரியவர், சின்னவர் என்ற பேச்சே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவர் பாலத்தடியில் கால் கழுவிக்கொண்டிருந்ததை நான் எழுதாமல் விட்டேன். அடுத்த நாள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேற்று என்னைக் காணேல்லையோ, ரீச்சர்?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் பெயரையும் எழுதினேன். 'குணநாயகம், 7.15, கால் கழுவினார்.' அந்தப் பக்கத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் காட்டிச் சிரித்தவரும் அவர்தான்.

அந்தக் கட்டம் என்னைச் சந்தேகக்காரியாக்கியது என்று என் கணவர் சொல்வார். அவர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை பார்ப்பவர், கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். "வந்ததும் எந்த பஸ்ல வந்தீங்கன்னு கேக்குற ஒரே பொண்டாட்டி நீதான்" என்பார். இருக்கலாம். ஒருமுறை கண்டியிலிருந்து வந்த பெரிய வியாபாரி ஒருவர், கமிட்டி உறுப்பினர், போகும்போது குளிர்ப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். டிரைவர் சும்மா நிற்க முதலாளி பெட்டி தூக்குவாரா? "சேர், பெட்டியைத் திறந்து காட்டுங்க" என்றேன். "என்ன டீச்சர், சாப்பாட்டுப் பெட்டிக்கும் சோதனையா?" என்று சிரித்தார். சோற்றுப் பார்சலுக்குக் கீழே இரண்டு கெண்டை. அவர் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

இன்னொரு நடைமுறையையும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை, மீன் எண்ணுவோம். ஐம்பது மீட்டருக்கு ஒரு கம்பு நட்டு, கம்பில் சிவப்புத் துணி கட்டி, இரண்டு கரையிலும் ஆட்கள் ஒன்றாக நடந்து எண்ணுவார்கள். வேறு ஆறுகளில் மீன் பிடித்துவிட்டு வரும் உறுப்பினர்களின் சப்பாத்தோடும் வலையோடும் அங்கே உள்ள நோய் எங்கள் ஓடைக்கு வரக்கூடாது. ஆகவே எல்லாவற்றையும் முதலில் குளோரின் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்போம். பாவித்த தண்ணீரை ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து, ஓடைக்கு எதிர்ப்பக்கம் வெட்டிய குழியில் ஊற்றுவது என் வேலை. கெட்டியான குளோரின் திரவத்தை மாத்தளை டவுனில் பீப்பாயிலிருந்து வாங்கி ஒரு வெள்ளைக் கேனில் கழகக் கொட்டிலில் வைத்திருப்பேன். உறுப்பினர்களுக்குக் குடிதண்ணீர் இருப்பதும் அதே மாதிரி வெள்ளைக் கேனில். குளோரின் கேனின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். வேறு அடையாளம் வைக்கவில்லை. கேனைத் தொடுகிறவள் நான் ஒருத்திதானே.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மழை இல்லாத மாதம், ஓடை மெலிந்து கிடந்தது. எண்ணி முடித்து உறுப்பினர்கள் போன பிறகு, தாள்களை டவுனில் கொடுப்பதற்காக மேலே பஸ் ரோட்டுக்கு ஏறினேன். நாலரைக்கு வழியில் நிஸாம் நானாவைக் கண்டேன். ஓடையோரம் தோட்டக் காணித் துண்டொன்றில் வருடாவருடம் அனுமதி எடுத்து மிளகும் மரக்கறியும் செய்கிறவர். பூச்சிமருந்தடிக்கும் டேங்கைப் பாலத்தடியில் கழுவிவிட்டுத் தோட்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். அங்கே கழுவ வேண்டாம் என்று முன்பு ஒருமுறை எச்சரித்திருந்தோம். ஐந்து பத்துக்கு, பஸ்ஸுக்காக நின்றபோது, கீழே பாலத்தில் மகளைக் கண்டேன்.

கீர்த்தனாவுக்கு இருபத்துமூன்று வயது. ஓடைக்கு மேலே உள்ள ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை. மாலைதீவு ஹோட்டலொன்றில் வேலை கிடைத்து, பொலிஸ் நற்சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த ஹோட்டலுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் விடுதி மனேஜர். விடுதியில் நீச்சல் தடாகம் இருந்தது. தடாகத்துக்கு என்ன போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் கேனைச் சரித்தபோது என் மனதில் இவ்வளவும் ஒரே நொடியில் கோர்த்துக்கொண்டன. கூப்பிட்டிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது தலையிடி என்று சொல்லிப் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குக் குணநாயகம் சேர் ஓட்டோவில் வந்து இறங்கினார். முழங்கால் வருத்தத்தோடு கரையில் குந்தி, ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்தார். வெளிறிப்போயிருந்தது. முகர்ந்தார். "பூச்சிமருந்து மாதிரித் தெரியேல்லை. ஆனா நான் சத்தியம் பண்ணமாட்டன்." கண்டிக்குப் பரிசோதனைக்கு அனுப்பத் தண்ணீரும் மீனும் எடுத்து வைத்தார். பிறகு, "உயிரோட இருக்கிற முதல் இறாலைத் தேடிக்கொண்டு மேல போவம்" என்றார்.

இது அவருடைய முறை. செத்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. எதிர்த்திசையில் நடந்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, கல்லுக்கடியில் சின்ன இறாலோ பூச்சிக்குஞ்சோ உயிரோடு ஓடும் இடம்வரை போக வேண்டும். உயிர் தொடங்கும் இடமும் சாவு தொடங்கும் இடமும் சந்திக்கும் கோட்டில்தான் விஷம் தண்ணீரில் விழுந்திருக்கும். நான் கல் புரட்டினேன், அவர் தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பாலத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. பாலத்தைத் தாண்டி நாலாவது கல்லின் அடியிலிருந்து ஓர் இறால் பின்பக்கமாகத் துள்ளி ஓடியது. அந்த உயிரைக் கண்டு சந்தோஷப்படாத ஒரே நாள் அதுதான்.

"பாலம்" என்றார். "புத்தகத்தில நேற்றைய பக்கத்தை எழுதும்."

எழுதினேன். 4.30, நிஸாம், மருந்து டேங்க். 4.45, கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர். 4.50, விடுதி வேன். பேனை அங்கே நின்றது. சேர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"ஐஞ்சு மணிக்குப் பிறகு ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை, சேர்."

திங்கட்கிழமை கண்டி வியாபாரி தொலைபேசியில் வந்தார். நிஸாம் மீது பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, தோட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் போட்டுக் காணி அனுமதியை நிறுத்த வேண்டும் என்றார். எச்சரித்தும் கேட்காத ஆள், புத்தகத்திலும் பெயர் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். சேர் கண்டி முடிவு வரட்டும் என்று பார்த்தார். கமிட்டியில் மற்றவர்களும் வியாபாரி பக்கம் சாய்ந்தார்கள். புதன்கிழமை பத்து மணிக்கு முறைப்பாட்டில் கையெழுத்து என்று முடிவானது.

திங்கட்கிழமை பின்னேரமே நிஸாம் நானா என்னைப் பாதையில் மறித்தார். "டீச்சர், டேங்க் கழுவினது உண்மை. பிழைதான். அதுக்காக இத்தனை மீன் சாகுமா? பதினாலு வருஷமா அங்கதானே கிடக்கேன்."

"கண்டதை எழுதினேன் நானா. எழுதுறது என் வேலை."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வழிவிட்டார்.

அந்த மூன்று நாளும் நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. விடுதி மனேஜர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தேன். சேர் பேசாமலிருந்தால் தெரிந்துகொண்டுதான் பேசாமலிருக்கிறார் என்று நினைத்தேன். மகள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய பையைக் கிளறினேன். சனிக்கிழமை போட்ட சட்டையைத் துணிக்கூடையிலிருந்து எடுத்து முகர்ந்தேன். லேசாக ஒரு வாடை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

செவ்வாய்க்கிழமை சேர் வந்து, "எங்கட கொட்டிலையும் பார்க்க வேணும், ரீச்சர். முதல்ல எங்களைச் சந்தேகப்பட்டிட்டுத்தான் மற்றவையிட்டைப் போகலாம்" என்றார். கொட்டிலின் படி உயரம். அவரால் ஏற முடியாது, வாசலில் நின்றார். நான் உள்ளே போய்க் குளோரின் கேனின் மூடியைத் திருகினேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. மூக்கில் அடிக்க வேண்டிய வாடை அடிக்கவில்லை. விரலை நனைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். பிடியைப் பார்த்தேன். துணி இல்லை.

துணி எங்கே என்று எனக்கே தெரியும். சனிக்கிழமை காலை மூன்றாம் கம்பின் துணியைக் குரங்கு இழுத்துக்கொண்டு போனது. வேறு துணி தேட நேரமில்லாமல் கேனில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கம்பில் கட்டியவள் நான். பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடுதியும் இல்லை, மனேஜரும் இல்லை. ஓடையைக் காப்பாற்ற வாங்கிய மருந்து, எங்கள் கொட்டிலில் இருந்து, என் கவனக்குறைவால் போயிருக்கிறது.

"எப்பிடி இருக்கு?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

மூடியை இறுக்கினேன். "சரியா இருக்கு, சேர்."

"நீர் பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓட்டோவுக்குத் திரும்பினார்.

அன்று வேலையால் வந்த மகளைச் செருப்பைக் கழற்றவும் விடாமல் நிறுத்தினேன்.

"சனிக்கிழமை கொட்டிலுக்குப் போனியா?"

அவள் முகம் மாறிய விதத்திலேயே பதில் இருந்தது. "நீங்கதானேம்மா சொன்னீங்க, குடிக்கிற தண்ணிக் கேன் பாசி புடிச்சுக் கெடக்கு, தூக்கிக் கொட்ட இடுப்பு விடுதில்லன்னு. வேலை முடிஞ்சு வர்ற வழியில கொட்டிட்டு, நல்ல தண்ணி நெரப்பி வைப்போம்னு போனேன். துணி கட்டுன கேனத் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டுலயும் துணி இல்ல. கிட்ட இருந்ததத் தூக்கினேன்."

"வாடை வரலையா?"

"கொட்டுறப்பதான் அடிச்சிச்சு. அதுக்குள்ள முக்காவாசி போயிருச்சு. கேன நிமித்துறதுக்குள்ள மிச்சமும் போயிருச்சு. தண்ணி ஓடுதே, அடிச்சிட்டுப் போயிரும்னு நெனச்சேன்."

"மீன் செத்த பிறகாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"துணிய அவுத்தது யாருன்னுதானேம்மா முதல்ல கேப்பாங்க? ரெண்டு மாசத்துல ரிட்டையர் ஆகப் போறீங்க. இத்தனை வருஷம் வேலை செஞ்சு இந்தப் பேரோடயா போவீங்க?" பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரோட்டுல நின்னு பாத்தேன்."

"சனிக்கிழமையேவா? அப்ப ஏன் கேக்கல?"

"விடுதிக்காரன் சொல்லித் தடாகத்து மருந்தக் கொட்டினேன்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அதான் என் சட்டைய மோந்து பாத்தீங்களா? பாத்ரூம் கதவிடுக்கால கண்டேன். அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்." சிரிப்பு நின்றதும் அழத் தொடங்கினாள்.

உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். அப்போதும் நான் சொன்னது, "கண்டி முடிவு வரட்டும், பாப்போம்" என்பதுதான். பொலிஸ் நற்சான்று கையில் வர இன்னும் சில நாள். அதற்குள் அவள் பெயர் ஒரு முறைப்பாட்டில் ஏறினால் மாலைதீவும் இல்லை, ஒன்றும் இல்லை. கீர்த்தனாதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு நிஸாம் நானாட காணி போயிரும்மா. முடிவு வந்து என்ன செய்ய?" என்றாள்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு இருவரும் கழக அலுவலகத்துக்குப் போனோம். தட்டச்சு செய்த முறைப்பாடு மேசையில் இருந்தது. கண்டி வியாபாரி நேரத்தோடே வந்து உட்கார்ந்திருந்தார். நான் புத்தகத்தை எடுத்து, அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். '5.10, கீர்த்தனா, என் மகள், நடைபாலம், கழகத்தின் குளோரின் கேன். துணியை அவிழ்த்தது நான்.' சேரிடம் நீட்டினேன்.

இரண்டு முறை வாசித்தார். வெப்பமானியை வாசிப்பது போலவே. "இண்டைக்கு எழுதினது எண்டு பக்கத்தில திகதியைப் போடும்" என்றார். போட்டேன். பிறகு மகளிடம் கேனில் எவ்வளவு இருந்தது, ஊற்ற எத்தனை நிமிடம் ஆனது, பாலத்தின் எந்தப் பக்கம் என்று கேட்டு ஒவ்வொன்றாகக் குறித்தார். முறைப்பாட்டுத் தாளைக் கிழிக்கவில்லை. அதன் குறுக்கே 'அனுப்பவில்லை, பிழை கழகத்தினுடையது' என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

"பாருங்க" என்றார் வியாபாரி. "என் சாப்பாட்டுப் பெட்டியத் திறந்து பாத்த டீச்சரைப் பாருங்க."

சேர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "கொட்டில்ல நான் நேர பார்த்திருக்க வேணும்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

நிஸாம் நானாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அவர் உடனே வரவில்லை. மதியத்து லுஹர் தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். வியாபாரி போய்விட்டார். காணி போகாது என்றும், எங்கள் பக்கம்தான் பிழை என்றும் ஒரு கடிதத்தை சேர் தன் கையாலேயே எழுதி முடித்தார். அதை நான்தான் நிஸாம் நானா கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒன்று இருபதுக்கு நிஸாம் நானா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கடிதத்தை நின்றபடியே வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் எழுந்து, "நானா, என்னை மன்னி..." என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அன்னக்கி மிளகுக் கொடிக்கு ஏணி வச்சுக்கிட்டு மேல நின்டேன், டீச்சர். மகள் கேனை ஊத்தினதையும் கண்டேன். ரோட்டுல நின்டு நீங்க பாத்ததையும் கண்டேன். ஞாயித்துக்கிழமையே வந்து சொல்லியிருக்க ஏலும். சொல்லல்ல. நீங்க எப்ப சொல்லுவீங்கன்டு பாத்துக்கிட்டு இருந்தேன்."